ஊர் வரலாற்றுக்கு ஒரு வாசிப்பு வட்டம்: தொடங்குவது எப்படி?

ஊர் வரலாற்றை வாசிக்க ஒரு வட்டம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தடித்த புத்தகம் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். அறுநூறு பக்க நூலோடு தொடங்கிய முதல் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் நால்வர் இருந்தோம். அதில் இருவர் படிக்காமல் வந்தவர்கள், நான் உட்பட.

1. கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

'எங்கள் ஊரின் வரலாறு' என்பது கைக்கு அடங்காத தலைப்பு. இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர்? ரயில் நிலையம் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது? மூடிய ஆலையில் வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள்? இப்படி ஒரு கேள்வி நான்கைந்து மாதங்களுக்குத் தாங்கும்.

2. ஆட்களும் இடமும்

ஆறு முதல் பத்துப் பேர் போதும். வயது கலந்திருக்கட்டும். மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். பொது நூலகத்தில் இடம் கேட்டுப் பாருங்கள்.

3. ஜோடியாக வாசியுங்கள்

என்னைக் கேட்டால், வட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு வகை எழுத்துகளை அருகருகே வையுங்கள். வெள்ளத்தைப் பற்றிய அரசு அறிக்கை எத்தனை பாலங்கள் உடைந்தன என்று சொல்லும். யார் வீட்டு மாடியில் யாரை ஏறவிட்டார்கள் என்பதை அந்த ஊர்க்காரர் ஒருவரின் தன்வரலாறுதான் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பழைய செய்தித்தாள், நிலப்படம், கல்வெட்டுத் தொகுப்பு, ஆலையின் வெள்ளிவிழா மலர் எல்லாமே வாசிக்கத் தக்கவை. பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கூட்டத்துக்கு நாற்பது பக்கங்களைத் தாண்ட வேண்டாம்.

விழா மலர்களை மட்டும் தனியாக வாசிக்காதீர்கள். ஆலைகளின் வரலாறு முதலாளிகளின் பார்வையிலேயே எழுதப்படுவதைக் கண்ட ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்குவிஸ்ட், தொழிலாளர்கள் தங்கள் வேலையிடத்தின் வரலாற்றைத் தாங்களே ஆராய வேண்டும் என்று 1978இல் ஒரு கையேடே எழுதினார். நிற்கும் இடத்தைத் தோண்டு என்பதுதான் அதன் தலைப்பு.

4. கூட்டத்தில்

யார் எழுதியது, நிகழ்ந்து எத்தனை ஆண்டுகள் கழித்து, யார் படிப்பதற்காக, இதில் யார் பேசவே இல்லை? இந்த நான்கு கேள்விகளோடு தொடங்குங்கள். பக்க எண் சொல்லாமல் யாரும் பேசக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். அதிகம் பேசுபவர்கள் தாமாகவே அடங்குவார்கள்.

5. வெளியே செல்லுங்கள்

பழைய நிலப்படத்தோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். முதியவர்களிடம் பேசும்போது, "வெள்ளம் பயங்கரமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "அன்று காலை எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள். ஆண்டைத் தவறாகச் சொன்னால் குறுக்கிட வேண்டாம்; செய்தித்தாளைப் பார்த்துப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

6. ஒரு பொது நோட்டு

தகவல், எடுத்த இடம், பக்கம், சந்தேகம் என நான்கு பத்திகள் போடுங்கள். இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் கை தூக்கி வாக்கெடுத்து முடிவு செய்யாதீர்கள்; இரண்டையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரு பாலத்துக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் இருந்தன. ஒன்று அடிக்கல் நாட்டிய ஆண்டு, மற்றது திறந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின.