எட்டு வாங்கும்போதும் மாட்டும்போதும் செய்யும் தவறுகள்

நம்மூரில் ‘எட்டு போட்டாச்சா?’ என்று யாராவது கேட்டால் ஆர்.டி.ஓ. மைதானம்தான் நினைவுக்கு வரும். பாறை ஏறுபவர்களுக்கும் குகைக்குள் இறங்குபவர்களுக்கும் எட்டு வேறு சாமான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு உலோகத் துண்டு, மேலே பெரிய வளையம், கீழே சின்ன வளையம், நடுவில் கழுத்து. கயிற்றில் இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு டிசெண்டர் என்று பெயர், ஃபிகர் எயிட் டிசெண்டர் என்பது இதன் முழுப்பெயர். கயிற்றை மடித்துப் பெரிய வளையத்துக்குள் நுழைத்து, அந்த மடிப்பைச் சின்ன வளையத்தைத் தாண்டிக் கொண்டுவந்து கழுத்தில் போட வேண்டும். சின்ன வளையம் பூட்டு காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) வழியாக இடுப்பு ஹார்னெஸில், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வாரில் சேரும். கீழே போகும் கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான் பிரேக். வேறு பிரேக் கிடையாது.

டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி மலையேற்றப் பயிற்சி நிலையங்களுக்குப் போய் வந்தவர்களில் பலர் முதலில் தொட்ட டிசெண்டர் இதுதான். விலை குறைவு, அசையும் பாகம் எதுவும் இல்லை, ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதனாலேயே இதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருளாக யாரும் நினைப்பதில்லை. எல்லா எட்டும் எட்டுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஒப்பிடுகிற சிலரும் தப்பான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த எண், எவ்வளவு சுமை தாங்கும் என்று மேலே பொறித்திருக்கும் கிலோநியூட்டன். ஒன்றில் 25, இன்னொன்றில் 40 என்று இருந்தால் இரண்டாவதுதான் ‘ஸ்ட்ராங்’ என்று முடிவு கட்டுவார்கள். 80 கிலோ ஆள் ஆடாமல் தொங்கினால் கயிற்றில் விழும் சுமை 0.8 கிலோநியூட்டன்தான். குதித்துக் குதித்து இறங்கினால் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், அவ்வளவே. 25 தாராளம். முறையாகச் சோதித்து முத்திரை பதித்த எட்டு சுமை தாங்காமல் உடைவதைப் பற்றிக் கவலைப்பட்டு இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது அது கயிற்றை என்ன செய்கிறது என்பதைப் பற்றி. அதைத் தீர்மானிப்பவை வடிவம், உலோகம், எந்தக் கயிறு, எந்த இடம் ஆகிய நான்கும். முத்திரையே இல்லாத, கட்டுமானச் சாமான் கடையில் எடைக்கு விற்கும் எட்டு என்றால் பேச்சே வேண்டாம், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காது எதற்கு?

மீட்புப் பணியில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெரிய எட்டுகளில் பெரிய வளையத்தின் இரு பக்கமும் கொம்பு மாதிரி இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கயிற்றைச் சுற்றி நிறுத்தி வைக்கத்தான் அவை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் உதவும். ஆனால் முதல் வேலை வேறு.

மொட்டைப் பாறையின் விளிம்பில் முதல் அடி எடுத்து வைக்கும் கணத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள், எட்டு சரியாகப் பாறை முனையில் வந்து உட்காருகிறது. கழுத்தின் குறுக்கே கிடக்கும் கயிறு பாறைப் பக்கமாக இருந்தால் அந்த முனை அதை மேலே நெட்டித் தள்ளும். கயிறு தளர்ந்திருக்கும் ஒரு நொடி போதும். கழுத்திலிருந்து நழுவி, பெரிய வளையத்தின் தலை மேல் ஏறி, சுருக்குப் போட்ட மாதிரி இறுகிவிடும். உங்கள் எடை அதன் மேல் விழுந்த பிறகு அது அசையாது. கீழேயும் போக முடியாது, மேலேயும் ஏற முடியாது. எடையை வேறு எதற்காவது மாற்றினால்தான் விடுதலை. மேலே உள்ள கயிற்றில் ஒரு மெல்லிய கயிற்றால் புருசிக் முடிச்சு (எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) போட்டு, அதில் கால் வைத்து எழுந்து நின்று, சுருக்கை நெகிழ்த்த வேண்டும். கையில் புருசிக் கயிறு இல்லாதவர் யாராவது வந்து மீட்கும்வரை தொங்க வேண்டியதுதான். ஹார்னெஸில் அசையாமல் தொங்குவது சில நிமிடங்களிலேயே உடம்புக்கு ஆகாது.

காது இருந்தால் கயிறு தலை மேல் ஏற வழி இல்லை. வட்டமாக இல்லாமல் சதுரச் சாயலில் பெரிய வளையம் இருக்கும் எட்டுகளிலும் இந்தத் தொல்லை குறைவு. சாதாரண வட்ட எட்டுதான் இருக்கிறது என்றால், மடிப்பைக் கீழிருந்து நுழைக்காமல் மேலிருந்து நுழையுங்கள். அப்போது கழுத்தின் குறுக்கே வரும் கயிறு மேல் பக்கம், அதாவது பாறைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். முனை தட்டினாலும் கயிற்றைத் தொடாது. இரண்டு நொடி வேலைதான், செய்பவர்கள்தான் குறைவு.

மலையில் சரி, குகையில்?

பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான்: பாறையில் நன்றாக வேலை செய்த எட்டை அப்படியே குகைக்குள் எடுத்துப் போவது.

எட்டில் நுழையும் கயிறு ஒரே தளத்தில் வளைந்து வெளியேறுவதில்லை. வளைந்து, கழுத்தைச் சுற்றி, திருகிக்கொண்டு வெளியே வருகிறது. நீங்கள் இறங்க இறங்க அந்தத் திருகல் கீழ்ப்பக்கம் சேர்ந்துகொண்டே போகும். 15 மீட்டர் பாறையில், கயிற்றின் நுனி தரையில் சும்மா கிடக்கும்போது திருகல் தானாக அவிழ்ந்துவிடும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். குகையில் கயிறு சுவரைத் தொடாமல் நட்ட நடுவில் தொங்கும், நுனி பையில் இருக்கும் அல்லது பாறையில் அடித்த அடுத்த போல்ட்டில் கட்டியிருக்கும். திருகல் எங்கே போகும்? பழைய டெலிபோன் ரிசீவர் ஒயர் மாதிரி கயிறு சுருண்டு நிற்கும், நீங்களும் இருட்டில் மெல்லச் சுழல்வீர்கள். தலை விளக்கின் வெளிச்சம் சுவரில் வட்டமடிக்கும்போதுதான் சுற்றுவது சுவர் இல்லை, நாம் என்று உறைக்கும். பாறையிலும் இரட்டைக் கயிற்றில் இறங்கினால் இதே கதைதான். இரண்டு இழையும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ள, கீழே வந்து இழுத்தால் கயிறு வராது.

அடுத்தது கழற்றி மாட்டும் பிரச்சினை. கயிறு பாறையில் உரசாமல் இருக்க நடுவழியில் மறுபடி ஒரு போல்ட்டில் கட்டியிருப்பார்கள், குகைக்காரர்கள் இதை ரீபிலே என்பார்கள். ஒவ்வொரு ரீபிலேயிலும் குட்டைக் கயிற்றால் போல்ட்டில் உங்களைக் கோத்துக்கொண்டு, டிசெண்டரை மேல் கயிற்றிலிருந்து எடுத்துக் கீழ்க் கயிற்றில் மாட்ட வேண்டும். பெட்ஸ்ல் ஸ்டாப், சிம்பிள் போன்ற கப்பி வகை டிசெண்டர்களில் ஒரு பக்கத் தகடு மட்டும் திறக்கும், கருவி ஹார்னெஸை விட்டு வராது. எட்டையோ காரபினரிலிருந்தே கழற்றியாக வேண்டும். கையுறையில் சேறு, விரல் விறைத்திருக்கிறது, வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் இல்லை. எனக்கு ஒருமுறை அது கை நழுவியது. டிங்… டிங்… அப்புறம் கொஞ்சம் நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ அடியில் சன்னமாக இன்னொரு டிங். அன்றைக்கு மீதி இறக்கத்தை ஒரு காரபினரில் மன்டர் முடிச்சுப் போட்டு முடித்தேன். அதுவும் கயிற்றைத் திருகும், ஆனால் வேறு வழி இல்லை. கீழே யாரும் நிற்கவில்லை என்பதுதான் ஆறுதல்.

எட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பழக்கம் உண்டு. முதலில் பெரிய வளையத்தை காரபினரில் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே கயிற்றை நுழைத்துக் கழுத்தில் போட்டுவிட்டு, பிறகு திருப்பிச் சின்ன வளையத்தை மாட்டுங்கள். கயிறு பிடித்திருப்பதால் எட்டு எந்தக் கட்டத்திலும் அந்தரத்தில் இருக்காது.

கயிற்றின் எடையும் ஒரு பிரேக்

மெக்சிகோவின் சான் லூயிஸ் பொடோசி மாநிலத்தில் சோட்டானோ டெ லாஸ் கோலோண்ட்ரினாஸ் என்று ஒரு குகைக் குழி இருக்கிறது. தாழ்வான விளிம்பிலிருந்து 333 மீட்டர் அந்தரத்தில் இறங்க வேண்டும். 11 மி.மீ. ஸ்டாட்டிக் (அதிகம் நீளாத) கயிறு மீட்டருக்குச் சுமார் 75 கிராம் என்று வைத்தால், மேலே நிற்கும்போது உங்களுக்குக் கீழே 25 கிலோ கயிறு தொங்குகிறது. அந்த எடையே கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடிப்பதால் டிசெண்டர் நகராது. கயிற்றைக் கையால் தூக்கித் தூக்கி ஊட்டித்தான் இறங்க வேண்டும். கீழே போகப் போகத் தொங்கும் கயிறு குறைகிறது, உராய்வும் குறைகிறது, கடைசிப் பகுதியில் வேகம் கூடுகிறது. அதாவது களைத்த கைக்குத்தான் கூடுதல் வேலை.

இதற்காகத்தான் அமெரிக்கக் குகைக்காரர்கள் ரேக் என்ற கருவிக்குப் போனார்கள். வளைந்த கம்பியில் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். மேலே நான்கு சட்டத்தை இடைவெளி விட்டு வைத்துத் தொடங்கி, இறங்கும் வழியிலேயே ஐந்தாவதையும் ஆறாவதையும் சேர்த்து நெருக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எல்லிசன்ஸ் குகையின் 179 மீட்டர் ஃபென்டாஸ்டிக் பிட்டிலும் இதுவே வழக்கம். எட்டில் உராய்வு ஆரம்பத்தில் எப்படிப் போட்டீர்களோ அப்படித்தான். கழுத்தில் இன்னொரு சுற்று போட்டால் கூடும், ஆனால் அதை எடையைத் தாங்கித் தொங்கும்போது செய்ய முடியாது.

குட்டை இறக்கங்களில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். 11 மி.மீ. இரட்டைக் கயிற்றில் பழகிய எட்டை 9 மி.மீ. ஒற்றைக் கயிற்றில், அதுவும் புதுக் கயிற்றில் போட்டுப் பாருங்கள், சர்ரென்று போகும். பெட்டியில் ‘இத்தனை மி.மீ. முதல் இத்தனை மி.மீ. வரை’ என்று போட்டிருப்பது கயிறு உள்ளே நுழையுமா என்பதற்கான எல்லை மாதிரிதான். அந்த எல்லைக்குள் எல்லாக் கயிறும் ஒரே மாதிரி பிடிக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. மெல்லிய கயிறு என்றால் பிரேக் கயிற்றை இன்னொரு காரபினர் வழியாக விட்டு உராய்வைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சூடு

சினிமாவில் வருவது மாதிரி ஒரே மூச்சில் இறங்க எல்லோருக்கும் ஆசை. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 80 கிலோ ஆள் 100 மீட்டர் இறங்கினால் உராய்வில் கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 78,000 ஜூல். 100 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 90 ஜூல் போதும். மீதியெல்லாம் கயிற்றுக்கும் காற்றுக்கும் போய், ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எட்டில் தங்கினால்கூட 170 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நைலான்–6 உருகுவது சுமார் 220 டிகிரியில், இளகுவது அதற்கு முன்பே. மெல்லிய கயிறு, நாடாக்களில் வரும் டைனீமா இழை இன்னும் மோசம், 150 டிகிரிகூடத் தாங்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போது கயிறு தப்பித்துவிடும், ஏனென்றால் ஒரே இடம் உலோகத்தில் நிற்பதில்லை. வேகமாக வந்து சட்டென்று நிற்பதுதான் கெடுதல். கொதிக்கும் உலோகம் கயிற்றின் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். அடுத்த நாள் அந்த இடத்தைத் தடவினால் பிளாஸ்டிக் பூசியது போல வழவழவென்று, கெட்டியாக இருக்கும். எஃகு எட்டு கனமாக இருப்பதால் மொத்தமாகச் சூடேற நேரம் எடுக்கும், ஆனால் வெப்பத்தை அலுமினியம் அளவுக்குப் பரப்பாது. நிதானமாக இறங்குவதற்கு ஈடாக எந்த உலோகமும் இல்லை.

எஃகை வாங்கக் காரணம் சூடு இல்லை, தேய்மானம். சேறும் மணலும் ஏறிய குகைக் கயிறு உப்புத்தாள் மாதிரி. அலுமினிய எட்டில் இறங்கி முடித்ததும் கையுறையிலும் கயிற்றிலும் கறுப்பாக ஒட்டியிருப்பது எட்டின் உடம்புதான். கயிறு உரசும் இடத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தின் ஓரத்தில் நகம் மாட்டினால் அந்த விளிம்பு நாளைக்குக் கயிற்றின் உறையை அறுக்கும். தயாரிப்பாளர் தந்த தேய்மான அளவோடு ஒப்பிட்டு, தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அரம் போட்டுச் சரிசெய்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். தினமும் பலரை இறக்கும் மீட்புக் குழுவுக்கு எஃகு பொருந்தும். தோளில் எல்லாவற்றையும் சுமந்து ஏறுகிறவருக்கு அந்த எடை தண்டம்.

சின்னதாகத் தெரிபவை

காரபினரில் எட்டு தளர்வாகக் கிடக்கும்போது சின்ன வளையம் புரண்டு கேட்டின் (காரபினரின் திறக்கும் பக்கம்) மேல் குறுக்கே உட்காரலாம். அந்த நிலையில் எடை விழுந்தால் எட்டே நெம்புகோலாகி பூட்டை உடைத்துக் கேட்டைத் திறந்துவிடும். எடை போடும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். துப்பட்டா, நீள முடி, தொங்கும் டி–ஷர்ட் எல்லாவற்றையும் அப்போதே உள்ளே செருகிவிடலாம்.

கையை விட்டால் எட்டு நிற்காது. அதனால் கீழ்க் கயிற்றில் ஒரு புருசிக் அல்லது அதே மாதிரி இறுகும் ஆட்டோபிளாக் முடிச்சை ஹார்னெஸின் கால் வளையத்தோடு கோத்து வைப்பது வழக்கம். அந்தக் கோவை நீளமாகிவிட்டால் முடிச்சு எட்டில் இடித்து இறுகாமலே போகும். மேலே யாராவது பிடித்திருக்கும்போது தொங்கிச் சோதித்துப் பார்க்கலாம். இதையெல்லாம் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முன்னால் ஏறுபவரை எட்டால் பிலே செய்வதை, அதாவது அவர் விழுந்தால் தாங்கக் கீழிருந்து கயிற்றைப் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கயிறு நுழையத் துளைகள் உள்ள டியூப் வகைக் கருவி அதைவிட நன்றாகப் பிடிக்கும், கயிற்றையும் திருகாது.

இவ்வளவு திட்டிய பிறகும் என் பையில் ஒரு எட்டு இருக்கிறது. பனி உறைந்து தடித்த கயிறு டியூப்பின் சின்னத் துளைகளில் சிக்கும்போது எட்டின் பெரிய வளையம் ஏற்றுக்கொள்ளும். அருவி வழியாக இறங்கும் கேன்யனிங்கிலோ எட்டின் வாரிசுகள்தான் கோலோச்சுகின்றன. பெட்ஸ்ல் பிரானா அப்படி ஒன்று. அங்கே மடிப்பைக் கழுத்தில் போடாமல், பெரிய வளையத்துக்குள் விட்டு நேராக காரபினரிலேயே மாட்டுவார்கள். உராய்வு குறையும், ஆனால் திருகலும் குறையும், சுருக்கு விழாது, எட்டைக் கழற்றவே வேண்டாம். கீழே குளத்தில் நீந்திக்கொண்டே கயிற்றை விடுவிக்க அதுதான் தோது. பாறையில் கயிற்று நுனியில் முடிச்சுப் போடு என்று தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் இல்லையா? விழும் தண்ணீருக்கு அடியில் அந்த முடிச்சு எட்டில் வந்து மாட்டினால் ஆள் மூழ்கிவிடுவார். அதனால் அங்கே முடிச்சே போடாமல், நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை விடுவார்கள்.