அக்காவின் ஹார்ட் டிஸ்க்: விண்டோஸ் பார்மட் கேட்டால் கேன்சலை அழுத்துங்கள்

மலைக்கு மேலே கேரளத்து வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் என் அக்கா டீச்சர். லீவுக்குக் கம்பம் வந்தவள் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொடுத்து, "தம்பி, ஆறு வருசத்துப் பொங்கல் விழா, கலோல்சவம், வினாத்தாள் எல்லாம் இதுலதான் இருக்கு. உன் லேப்டாப்புல ஏத்தி வச்சுக்கடா" என்றாள். செருகினேன். டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. என் கையும் பழக்கத்தில் பட்டனுக்குப் போய்விட்டது. "என்னடா கேக்குது அது?" என்று அக்கா எட்டிப் பார்த்ததால் தப்பியது.

டிஸ்கில் கோளாறு எதுவும் இல்லை. 2001இல் தொடங்கிய கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அது உருமாறி வந்த கைட் நிறுவனமும் கேரளப் பள்ளிகளில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத்தான் பரப்பியிருக்கின்றன. அங்கே யாரோ இந்த டிஸ்கை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) பார்மட் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் டிஸ்குகளைத் திறக்கும்; எக்ஸ்ட்4 அதற்குப் புரியாது. குமுளி ஸ்டாண்டில் மலையாளத்தில் மட்டும் போர்டு வைத்த பஸ்ஸைப் பார்த்து 'இது போர்டே இல்லாத பஸ்' என்று சொல்கிற கதைதான்.

படி 1: கேன்சல். அப்புறம் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்கின் முழு அளவும் அங்கே தெரிந்து, பார்ட்டிஷனுக்கு நேரே ஃபைல் சிஸ்டம் பெயர் மட்டும் காலியாக இருந்தால், பெரும்பாலும் அது லினக்ஸ் டிஸ்க். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அங்கே எதையும் அழுத்தாதீர்கள்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள். நாலு ஃபைல்தான் வேண்டும் என்றால் டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் போதும். இலவசம், டிஸ்கில் எதையும் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். பழைய டிரைவர் மென்பொருள் எக்ஸ்ட்2எஃப்எஸ்டியைச் சிலர் சொல்வார்கள். டிஸ்கில் எழுதவும் செய்கிற பழைய மென்பொருளை நம்பி ஆறு வருசப் போட்டோவை நான் கொடுக்க மாட்டேன். விண்டோஸ் 11இல் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியும் உண்டு. ஆனால் கட்டளை அடிக்க வேண்டும், பென் டிரைவுக்கு உதவாது. எனக்குப் பிடித்தது லைவ் உபுண்டு, அதாவது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டுவது. லினக்ஸ் டிஸ்கை லினக்ஸே படிக்கட்டும்.

படி 3: லைவ் பென் டிரைவ். 8 ஜிபி பென் டிரைவ், உபுண்டு ஐஎஸ்ஓ (உபுண்டு முழுதும் அடங்கிய ஒரே ஃபைல்), அதைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் ரூஃபஸ் மென்பொருள். ரூஃபஸ் ஓடும்போது அக்கா டிஸ்க் மாதிரி வேறு எதுவும் லேப்டாப்பில் செருகியிருக்கக் கூடாது. லேப்டாப் அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் 'ட்ரை உபுண்டு' மட்டும். இன்ஸ்டால் பக்கம் போகவே வேண்டாம்.

படி 4: நகலெடுப்பது. என்னை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தது இதுதான். உபுண்டுவில் அக்காவின் டிஸ்க் உடனே திறந்துவிட்டது, சந்தோஷம். ஃபோல்டரை காப்பி செய்து என் விண்டோஸ் டிரைவுக்குள் போனால், பேஸ்ட் மங்கிக் கிடக்கிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பென் டிரைவைக்கூட இரண்டாம் தடவை தயார் செய்தேன்.

காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் டிரைவில் வேறொருவர் எழுதினால் குழப்பம் வரும் என்று லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. அது செய்வது சரிதான். தீர்வு எளிது: விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அல்லது கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அடியோடு நிறுத்துங்கள். நான் நிறுத்தியே விட்டேன்.

டிரைவ் 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) எண்ணைக் கேட்டால், அதோடு மல்லுக்கட்டாமல் இன்னொரு வெளி டிஸ்கில் நகலெடுங்கள்.

ஃபைல் பெயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி வைக்கலாம், கேள்விக்குறியும் வைக்கலாம். விண்டோஸ் இரண்டையும் ஏற்காது. நேரத்தைப் பெயராக வைத்த படங்களை முன்னாலேயே பெயர் மாற்றிவிட்டேன். லேப்டாப்பை சார்ஜரிலேயே வையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நாலைந்து வீடியோவைத் திறந்தும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த படி.

படி 5: இனி இரண்டு பக்கமும் படிக்கும்படி. ஃபேட்32 வேண்டாம். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டாலே ஏற்காது. ஆண்டு விழா வீடியோ அதைத் தாண்டிவிடும். டிஸ்கை எக்ஸ்ஃபேட்டில் பார்மட் செய்து அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

பின்சேர்க்கை: படி 5இல் நான் செய்தது தப்பு. இரண்டு நாள் கழித்து அக்கா போன்: "இங்க லேப்ல திறக்கவே மாட்டேங்குதுடா." அங்கே இருந்தது உபுண்டு 18.04 காலத்துப் பழைய கணினி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே எக்ஸ்ஃபேட் வந்தது 2019 கடைசியில் வெளியான 5.4இல்தான், அதற்கு முந்தையதில் தனியாக ஒரு பேக்கேஜ் போட வேண்டும், ஆய்வகக் கணினியில் அதற்கு அக்காவுக்கு அனுமதி இல்லை. என்டிஎஃப்எஸ்ஸை உபுண்டு அதற்கு வெகு முன்பிருந்தே படித்து எழுதுகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், டிஸ்கை என்டிஎஃப்எஸ்ஸாக்கி, லேப்டாப்பில் இருந்ததை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் இரண்டு கணினிகளும் புதியவை என்றால் எக்ஸ்ஃபேட்டே போதும்; ஆனால் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ்ஸைவிட அது சீக்கிரம் கெடும்.

மேக் வைத்திருப்பவர் ஒருவர், தனக்கும் என்டிஎஃப்எஸ் சரிவருமா என்று கேட்டிருந்தார். மேக், என்டிஎஃப்எஸ் டிஸ்கைப் படிக்கும், எழுதாது. உங்களுக்கு எக்ஸ்ஃபேட்தான்.

கிளம்பும் முன் டிஸ்கின் முதுகில் 'என்டிஎஃப்எஸ், பார்மட் செய்யாதே' என்று எழுதி ஒட்டினேன். அக்கா பேனாவை வாங்கி அதையே கீழே மலையாளத்திலும் எழுதினாள்.