வலியோடு குவில்ட் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை, கழுத்து, இடுப்பு, முட்டி என்று எங்கேயாவது ஒரு வலி மாதக்கணக்கில் கூடவே இருக்கிறது என்பதற்காக குவில்ட் வேலையை, அதாவது மேலும் கீழும் துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்துப் போர்வை தைக்கிற வேலையை, மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. அதற்காக, வலி இல்லாதவர்கள் தைக்கிற மாதிரியே தைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. பாட்டியின் புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட போர்வையோ, ஜெய்ப்பூர் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையோ, துண்டுத் துணிகளை இணைத்து நீங்களே தொடங்கிப் பாதியில் நிற்கிற குவில்ட்டோ, எதுவானாலும் அதைப் பழுது பார்த்து முடிப்பதில் துணிக்கு நேர்கிற தவறுகள் கொஞ்சம், உடம்புக்கு நேர்கிற தவறுகள் நிறைய. எனக்குக் கட்டைவிரல் அடியில் தேய்மானம், கழுத்திலும் வலி உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல முடியும்.

முதலாவதும் பெரியதும் இதுதான்: வலி குறைவாக இருக்கிற நாளில் அளவுக்கு மீறித் தைப்பது. வலி அதிகமான நாளில் யாரும் ஊசியைத் தொடுவதில்லை, உடம்பே தடுத்துவிடுகிறது. என்றைக்குக் காலையில் எழும்போது கை லேசாக இருக்கிறதோ அன்றைக்குத்தான் ‘இன்றைக்கே முடித்துவிடலாம்’ என்று உட்கார்ந்து, சாப்பாட்டை மறந்து, சாயங்காலம் வரை இழுத்துவிட்டு, அடுத்த மூன்று நான்கு நாள் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடக்கிறோம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்த நிலையில் இப்படி ஏறி இறங்குவதே வலியை வளர்க்கிறது என்பதால், வலி மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் முதலில் சொல்லித் தருவது வேலையைத் துண்டு போடுவதைத்தான். வலி சுமாராக இருக்கிற ஒரு நாளில் எவ்வளவு நேரம் தைத்தால் மறுநாள் வலி கூடாமல் இருக்கிறது என்று பாருங்கள். 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் கொஞ்சம் குறைத்து 15 நிமிடத்துக்கு போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும் வரிசை பாதியில் நின்றாலும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். நல்ல நாளிலும் அதே 15 நிமிடம்தான், மோசமான நாளிலும் முடிந்தால் அதே 15 நிமிடம்தான். அந்த அளவு சுகமாகப் போகிறது என்று சில வாரம் தெரிந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது வீட்டு வேலையை. தேங்காய் துருவியது, துணி பிழிந்தது, தண்ணீர் கேனைக் கவிழ்த்தது, எல்லாமே அதே கட்டைவிரல், அதே மணிக்கட்டு. காலையில் ஒரு மூடி தேங்காய் துருவியிருந்தால் அன்றைய தையலில் பாதி அங்கேயே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறு யாராவது துருவித் தரலாம், அதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தேதி வைத்துக்கொள்வதும் இதே தவறின் இன்னொரு முகம். தங்கையின் சீமந்தத்துக்குள் குழந்தைக்கான குவில்ட்டை முடித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கடைசி வாரம் உங்கள் கையில் இருக்காது. குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துக் கொடுத்தாலும் குவில்ட் குவில்ட்தான்.

அடுத்து ஊசி. இங்கேதான் சின்னச் சின்ன மாற்றங்கள் பெரிய வித்தியாசம் தருகின்றன. கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடி மூட்டில் அந்த அழுத்தம் சுமார் 12 மடங்கு வரை ஏறுகிறது. மூன்று அடுக்குத் துணியில் சிக்கி வழுக்குகிற மெல்லிய ஊசியை நகக்கண் வெளுக்கிற அளவுக்குக் கிள்ளி இழுக்கிறோமே, ஒவ்வொரு இழுப்பிலும் அந்த அடி மூட்டு வாங்குகிறது. அதைத் தவிர்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. உடைந்த பலூனில் ஒரு சின்னத் துண்டு, அல்லது பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையின் விரல் பகுதியை வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்வது, இரண்டில் ஒன்று போதும். ரப்பர் ஊசியை விடாமல் பற்றிக்கொள்வதால் கிள்ள வேண்டியதே இல்லை, லேசாகத் தொட்டு இழுத்தாலே வந்துவிடும். தள்ளுவதற்கு நடுவிரலில் திம்பிள், அதாவது ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டுகிற குப்பி. ஒரே இழுப்புக்கு நான்கைந்து தையலை ஊசியில் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஊசி தானாகவே இலகுவாக வரும்.

நூலை நீளமாக விடுவது இன்னொன்று. அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று இரண்டு கை நீளத்துக்கு நூலை எடுத்தால் ஒவ்வொரு தையலுக்கும் தோள் முழுவதும் வீச வேண்டியிருக்கும், இரவில் படுக்கும்போதுதான் அதன் வலி தெரியும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சுமார் 18 அங்குலம், அவ்வளவே போதும். கோர்ப்பது சிரமம் என்றால் நூற்கண்டின் நுனியில் பத்துப் பன்னிரண்டு ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடவையில் மாலை மாதிரி கோர்த்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது நுனியில் இருக்கிற ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கண்டுப் பக்கம் தள்ளி வெட்டிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இதை இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் வந்தால்தான் குவில்ட் என்று நினைத்துக்கொண்டு கையை வருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தடித்த காட்டன் நூல், பெரிய காது உள்ள ஊசி, அங்குலத்துக்கு நான்கு தையல், பார்க்கவும் அழகாகவே இருக்கும். அதுவும் முடியாது என்றால் நான்கு அங்குல இடைவெளியில் முடிச்சுப் போட்டே மூன்று அடுக்கையும் சேர்க்கலாம். நம் ஊர் இலவம் பஞ்சு மெத்தைக்குக் கோணி ஊசியால் முடிச்சுப் போடுகிறார்களே, அதே வேலைதான், ஊசி மட்டும் சின்னது. உள்ளே வைப்பது உதிரிப் பஞ்சு என்றால் முடிச்சுகளை இன்னும் நெருக்கமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் துவைத்ததும் ஒரு மூலையில் திரண்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பஞ்சே வேண்டாம், துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியை நடுவில் வையுங்கள் என்றுதான். ஊசி வெண்ணெயாக இறங்கும், சென்னை வெயிலுக்கும் அந்தக் கனம் போதும்.

உட்காரும் விதத்துக்கு வருவோம். தரையில் சம்மணம் போட்டு, குவில்ட்டை மடியில் குவித்து, குனிந்து தைப்பது நமக்குப் பழகிப்போனது. ஆனால் தலை சுமார் 5 கிலோ எடை, அதை முன்னால் சாய்க்கச் சாய்க்கக் கழுத்துத் தசைகள் தாங்க வேண்டிய சுமை பல மடங்காகிறது. முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, மடியில் இரண்டு தலையணை, அதன்மேல் குவில்ட், இப்படி வைத்தால் வேலை கண்ணை நோக்கி மேலே வருகிறது, தலை கீழே போக வேண்டியதில்லை. மிச்சக் குவில்ட் தரையில் தொங்கக்கூடாது. தொங்குகிற எடை முழுவதையும் உங்கள் இடது கைதான் தாங்கிக்கொண்டிருக்கும், அது உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் இன்னொரு நாற்காலியோ இஸ்திரி மேஜையோ போட்டு அதன்மேல் ஏற்றிவிடுங்கள். கால் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு முட்டிவலி என்றால், மெஷினை விற்க வேண்டாம், பழைய மெஷினுக்கே மோட்டார் பொருத்தித் தருகிறார்கள். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் தெருவில் சாணை பிடிக்கிறவர் வரும்போது கொடுத்துவிடுங்கள், மழுங்கிய கத்தரிக்கோலைப் போல மணிக்கட்டைக் கெடுப்பது வேறில்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு தைக்க உட்காருவது ஆபத்தான பழக்கம். எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்கிற அறிகுறியையே அது மறைத்துவிடுகிறது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குகிற வலி மாத்திரைகளில் பல வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை, வெறும் வயிற்றில் போடவே கூடாது, பிபி, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தைக்கும் முன் பத்து நிமிடம் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் விறைப்பு தளரும். மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் மட்டும் சூடு வேண்டாம், அன்றைக்குத் தையலும் வேண்டாம். சர்க்கரையால் கை மரத்துப்போகிறவர்கள் தண்ணீரின் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கெடுத்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். காலையில் விரல்கள் மடங்கவே அரைமணி, ஒருமணி நேரம் ஆகிறது, வீக்கமும் இருக்கிறது என்றால் தையலால் வந்தது என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். முடக்குவாதமாக இருந்தால் சீக்கிரம் சிகிச்சை தொடங்குவதுதான் மூட்டைக் காப்பாற்றும். சென்னை சென்ட்ரல் எதிரில் இருக்கிற ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

சரி, துணிப் பக்கத்தைப் பார்ப்போம். கிழிந்த குவில்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் ஊறப்போடுவது பெரிய தவறு. தண்ணீரில் போட்டால் சின்னக் கிழிசல் பெரிதாகும், பஞ்சு வெளியே வந்துவிடும். முதலில் கிழிசலின் இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தற்காலிகமாகப் பெரிய தையல் போடுங்கள், நைந்த இடத்தின்மேல் மெல்லிய நெட் துணி வைத்துச் சுற்றிலும் தைத்துவிட்டு அப்புறம் துவையுங்கள். சிவப்பு, கருநீலம், சுங்குடி எல்லாம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஊறவைக்கவே கூடாது.

ஒட்டுப் போடும்போது கடையில் புதிதாக வாங்கிய கெட்டித் துணியை நைந்த புடவைமேல் வைத்துத் தைக்கிறார்கள். ஆறு மாதத்தில் அந்த ஒட்டின் ஓரத்தைச் சுற்றியே பழைய துணி கிழிந்துவிடும், ஏனென்றால் இழுப்பு முழுவதையும் பலவீனமான துணிதான் வாங்குகிறது. ஒட்டும் பழையதாக, மெல்லியதாக இருக்கட்டும். பழைய ரவிக்கையின் ரூபியா துணி, மல் துணி இரண்டும் அருமை. புதுத் துணிதான் என்றால் துவைத்துச் சுருங்க வைத்துவிட்டு வையுங்கள். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலமாவது பெரிதாக, நல்ல துணியைப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

எல்லாத் தையலையும் பிரித்துப் புதிதாகப் போடலாம் என்ற ஆசை வரும். கைவலி உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். பிரிப்பது தைப்பதைவிட விரலுக்குக் கஷ்டம், பழைய துணியும் தாங்காது. அறுந்த இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் நல்ல தையல்மேல் ஒரு அங்குலம் ஏறி, புதுத் தையல் போட்டால் போதும். மொத்தக் குவில்ட்டையும் பார்த்து மலைக்காமல், ஒரு தடவைக்கு ஒரு கட்டம் என்று குண்டூசியால் எல்லை குறித்துக்கொள்ளுங்கள்.

ஓரம் கட்டும் வேலையில்தான் பெரும்பாலான குவில்ட்டுகள் நின்றுபோகின்றன. நேர் ஓரத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாகப் பட்டை, வெட்ட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் துணியையும் கையையும் வீணாக்க வேண்டாம், வளைவுக்குத்தான் கிராஸ் தேவை, நேர் ஓரத்துக்கு நேராக வெட்டிய பட்டை போதும். 60க்கு 80 அங்குலக் குவில்ட் என்றால் சுற்றளவு 280, இணைப்புக்கும் மூலைக்கும் 12 சேர்த்தால் 292 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டைகள் கணக்குக்கு ஏழு, கைகாவலுக்கு எட்டு வெட்டிக்கொள்ளுங்கள், முக்கால் மீட்டர் வாங்கினால் தாராளமாகக் காணும். கோடவுன் தெருவில் மொத்தமாக வாங்க வேண்டிய விஷயமே இல்லை, பக்கத்து ரவிக்கைத் துணிக் கடையிலேயே கிடைக்கும். பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்வதுதான் சரியான முறை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 280 அங்குலக் கைத் தையல் உங்கள் கட்டைவிரலுக்குத் தேவையா? இரண்டு பக்கமும் மெஷினில் அடிக்கலாம், அது உறுதியும்கூட. தெருமுனைத் தையல்காரரிடம் கொடுப்பதென்றால் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து அடிக்கவேண்டும், பட்டைகளைச் சாய்வாக இணைக்க வேண்டும், மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி மடிக்க வேண்டும் என்று ஒரு மூலையை மட்டும் நீங்கள் குண்டூசி குத்திக் காட்டிவிடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ரவிக்கை சீசனில் போகாதீர்கள், கூலியைப் பேரம் பேசாதீர்கள், அது எடையும் நேரமும் பிடிக்கிற வேலை.

முடித்த குவில்ட்டைத் துவைத்ததும் முறுக்கிப் பிழிவதும் கொடியில் தொங்கவிடுவதும் கூடாது. ஈரத்தில் அதன் எடை தையலையே அறுத்துவிடும், தூக்குகிற உங்கள் தோளையும் பிடித்துவிடும். வாளியிலிருந்து தனியாகத் தூக்காதீர்கள், இன்னொரு கை வேண்டும். ஒரு பழைய துண்டில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் கோரைப் பாயைப் போட்டு அதன்மேல் விரித்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டால் சித்திரை வெயிலிலும் சாயம் வெளுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள், நடுப்பஞ்சு காயாமல் பூஞ்சை பிடித்துவிடும். எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய தலையணை உறைக்குள் வையுங்கள், எப்போதாவது எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள்.