பெர்கின்ஸ் மானியத்தில் என்ன வாங்கலாம், எப்படி வாங்க வேண்டும்: ஒரு வெல்டிங் இயந்திரத்தின் வழியே

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் ஒன்றில் தொழிற்கல்விப் பிரிவின் மானியப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருப்பவர்களுக்கான விளக்கம் இது. மத்திய அரசின் அந்த மானியத்துக்குப் பெர்கின்ஸ் என்று பெயர். 2006-ன் கார்ல் டி. பெர்கின்ஸ் சட்டத்தை 2018 ஜூலை 31-ல் கையெழுத்தான சட்டம் திருத்தியது. 2019 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அந்த வடிவத்தைத்தான் துறையில் 'பெர்கின்ஸ் ஐந்து' என்கிறார்கள்.

புதிதாக வருபவர் முதலில் கேட்பது, "வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் எங்கே?" என்றுதான். அப்படி முழுப் பட்டியல் எதுவும் சட்டத்தில் கிடையாது. ஒரே வெல்டிங் இயந்திரம் ஒரு மாவட்டத்தில் ஆடிட்டைத் தாண்டிவிடும், பக்கத்து மாவட்டத்தில் மாட்டிக்கொள்ளும். வித்தியாசம் அதன் பின்னால் இருக்கும் காகிதங்களிலும் அவற்றின் தேதிகளிலும் இருக்கிறது.

ஆகவே 6,800 டாலர் விலையில் ஒரு மல்டி-பிராசஸ் வெல்டிங் இயந்திரத்தை, அதாவது ஸ்டிக், மிக், டிக் என்ற வெவ்வேறு வெல்டிங் முறைகளை ஒன்றிலேயே செய்யக்கூடிய இயந்திரத்தை, எடுத்துக்கொள்வோம். ஒரு மேல்நிலைப் பள்ளியின் வெல்டிங் வகுப்புக்கு அது வேண்டும். மாவட்டத்துக்கு அந்த ஆண்டு வந்த பெர்கின்ஸ் தொகை 48,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: தொகையைப் புரிந்துகொள்ளுங்கள்

வாஷிங்டனிலிருந்து பணம் முதலில் மாநிலத்துக்குப் போகிறது. அதில் குறைந்தது 85 சதவீதத்தை மாநிலம் பள்ளி மாவட்டங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பிரித்துத் தர வேண்டும். பள்ளிகளுக்கான பங்கில் 70 சதவீதம் மாவட்டத்தில் உள்ள 5 முதல் 17 வயது வரையிலான ஏழைக் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தும், மீதி 30 சதவீதம் அதே வயதில் உள்ள மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தும் கணக்கிடப்படுகிறது. தொழிற்கல்வி வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது இந்தச் சூத்திரத்தில் வராது. "நம் வகுப்பு நிரம்பி வழிகிறதே, ஏன் தொகை ஏறவில்லை?" என்று ஆசிரியர்கள் கேட்டால் பதில் இதுதான்.

கணக்கிட்ட பங்கு 15,000 டாலருக்குக் கீழே போனால் மாவட்டம் தனியாக வாங்க முடியாது. மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்களுக்கு மாநிலம் விலக்கு தரலாம். மற்றவர்கள் பக்கத்து மாவட்டங்களோடு கூட்டு சேர வேண்டும். சிறிய மாவட்டங்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கூட்டுக்கு வந்த பணத்தை "உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு" என்று திருப்பிப் பிரித்துக்கொள்ளக் கூடாது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் பயன்படும் காரியத்துக்கே அது போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 5 சதவீதம். நம் உதாரணத்தில் 2,400 டாலர். மானியத்தைக் கவனிப்பவரின் சம்பளத்தை முழுக்க இதில் ஏற்றலாம் என்று யாராவது நினைத்திருந்தால் இந்த எண்ணைக் காட்டினால் போதும்.

படி 2: தேவை மதிப்பீட்டில் இயந்திரத்துக்கு இடம் இருக்கிறதா?

ஒவ்வொரு மாவட்டமும் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவை மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். மாணவர்களின் தேர்ச்சி, பாடத்திட்டத்தின் அளவும் தரமும், உள்ளூர் வேலைச் சந்தையோடு உள்ள பொருத்தம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை தொடரும் பாட வரிசை எவ்வளவு தூரம் அமைந்திருக்கிறது, ஆசிரியர் சேர்ப்பும் பயிற்சியும், எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் சமவாய்ப்பு ஆகிய ஆறும் அதில் அலசப்பட வேண்டும். ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள், உள்ளூர்த் தொழில் நிறுவனங்கள் ஆகியோரைக் கலந்து பேசியதற்கான குறிப்புகளும் கோப்பில் இருக்க வேண்டும்.

பெர்கின்ஸ் பணத்தில் போகும் எந்தச் செலவும் இந்த ஆவணத்தின் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு நிற்க வேண்டும். பெரும்பாலும் வரி இருக்கும், ஆனால் வலு இருக்காது. "வெல்டிங் கூடத்துக்கு நவீன கருவிகள் தேவை" என்ற வரி எதையும் நிரூபிக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"22 மாணவர்களுக்கு 6 இயந்திரங்கள்; அவற்றில் 4-ல் ஸ்டிக் வெல்டிங் மட்டுமே செய்ய முடியும். ஆலோசனைக் குழுவில் உள்ள இரண்டு பட்டறை உரிமையாளர்களும் தாங்கள் வேலைக்கு எடுப்பவர்களுக்கு மிக், டிக் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சான்றிதழ்த் தேர்வில் டிக் பகுதியில் மாணவர்கள் பின்தங்குகிறார்கள்."

இந்த மூன்று வாக்கியங்களும் இருந்தால் இயந்திரத்துக்கான நியாயம் பாதி முடிந்தது. இதை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும். இயந்திரத்தை வாங்கிய பிறகு மதிப்பீட்டில் வரி சேர்த்தால் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: ஆறு வாசலில் எது?

சட்டத்தின் 135-ஆம் பிரிவு பணம் எதற்குப் போகலாம் என்பதை ஆறு தலைப்புகளில் வைத்திருக்கிறது: தொழில் வழிகாட்டல், ஆசிரியர், ஆலோசகர் முதலியோரின் பயிற்சி, நல்ல ஊதியமும் தேவையும் உள்ள வேலைகளுக்கான திறன், பொதுப் பாடங்களைத் தொழிற்பாடத்தோடு இணைப்பது, பாடத்திட்டங்களை நடத்தத் துணை நிற்கும் செலவுகள், மதிப்பீடு.

ஐந்தாவதுதான் அகலமான வாசல். கருவி, மென்பொருள், பாடப்பொருள், பணியிடப் பயிற்சி, சான்றிதழ்த் தேர்வு, எஃப்எஃப்ஏ, ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ போன்ற மாணவர் அமைப்புகளின் திறன் போட்டிகள் எல்லாம் இதில் அடங்கும். நம் இயந்திரமும் இதில்தான் நுழைகிறது. வறுமையில் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர்கள் போன்ற சிறப்புப் பிரிவு மாணவர்களின் கைச்செலவைக் குறைக்கவும் இதில் இடம் உண்டு. கட்டணம், போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு வரை போகலாம். இந்த வசதியைப் பல மாவட்டங்கள் தொடுவதே இல்லை. வெல்டிங் தலைக்கவசமும் கையுறையும் வாங்க முடியாமல் ஒரு மாணவர் வகுப்பை விடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பிலும் ஓர் எல்லை உண்டு. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே தொழிற்கல்வி நடத்த இந்தப் பணம் போகாது.

படி 4: மாவட்டம் எப்படியும் வாங்கியிருக்குமா?

ஆடிட்டில் மிகப் பெரிய தொகைகள் போவது இந்தக் கேள்வியில்தான். பெர்கின்ஸ் பணம் மாநில, உள்ளூர்ப் பணத்துக்கு மேல் கூடுதலாக வர வேண்டும். அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. ஆடிட்டர்கள் மூன்று சூழ்நிலைகளில் இடத்தைப் பிடித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்:

- வேறு சட்டப்படி மாவட்டம் செய்தே ஆக வேண்டியதற்கு இந்தப் பணத்தைப் போட்டால்.
- போன ஆண்டு உள்ளூர்ப் பணத்தில் நடந்ததை இந்த ஆண்டு இதற்கு மாற்றினால்.
- மற்ற மாணவர்களுக்கு உள்ளூர்ப் பணத்தில் தருவதைத் தொழிற்கல்வி மாணவர்களுக்கு மட்டும் இதில் தந்தால்.

மாவட்டம் எல்லா மாணவருக்கும் லேப்டாப் தருகிறது, வெல்டிங் மாணவர்களின் லேப்டாப்புக்கு மட்டும் பெர்கின்ஸ் என்றால் மூன்றாவதில் சிக்கும். வெல்டிங் கூடத்தில் தீயணைப்பு விதிப்படி கட்டாயமாக இருக்க வேண்டிய கருவி என்றால் முதலாவதில். போன ஆண்டு உள்ளூர்ப் பணத்தில் இருந்த ஆசிரியர் சம்பளம் இரண்டாவதில். இந்த இரண்டாவதை மறுக்க வழி உண்டு: பெர்கின்ஸ் இல்லாவிட்டால் அந்தப் பணியிடமே போயிருக்கும் என்று காட்ட வேண்டும். அதற்கு பட்ஜெட் வெட்டைப் பதிவு செய்த பள்ளி வாரியக் கூட்டக் குறிப்பு வேண்டும். கூட்டம் நடந்த அன்றே எடுத்து வைத்த குறிப்பு செல்லும். ஆடிட்டர் வந்த பிறகு எழுதிய விளக்கக் கடிதம் செல்லாது.

படி 5: செலவு விதிகள், அல்லது ஒரு கோழியின் கதை

பெர்கின்ஸ் சட்டத்துக்கு மேலே எல்லா மத்திய மானியங்களுக்கும் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது: 2 சி.எஃப்.ஆர். பகுதி 200. செலவு தேவையானதாக, விலை நியாயமானதாக, இந்த மானியத்தின் வேலைக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இயந்திரத்தைப் பாதி நேரம் பராமரிப்புப் பிரிவு வேலி பற்றவைக்க எடுத்துப் போகும் என்றால் முழு விலையையும் இதில் போட முடியாது.

மதுபானம், அபராதம், நன்கொடை திரட்டும் செலவு, பள்ளிப் பெயர் அச்சிட்ட பேனா, டி-ஷர்ட் போன்ற விளம்பரப் பொருட்கள் ஆகியவை ஆகாது. கேளிக்கையும் பொதுவாக ஆகாது. உணவில்தான் குழப்பம். சமையல் வகுப்பில் மாணவர்கள் வெட்டி, ஊறவைத்து, வறுத்துக் கற்கும் கோழி பாடப்பொருள். பல மாநிலங்கள் வரம்போடு அனுமதிக்கும். அதே கோழி ஆலோசனைக் குழுவின் மதியச் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தால் பெரும்பாலும் செல்லாது. கட்டடம் கட்டுவது, மாணவர் வீட்டுக்கே எடுத்துப்போகும் கருவிகள், தனி மாணவரின் உறுப்பினர் கட்டணம் ஆகியவற்றில் மாநிலங்கள் கடுமையாக இருப்பது வழக்கம். உங்கள் மாநிலக் கல்வித் துறையின் பெர்கின்ஸ் கையேட்டைத் திறந்து பார்க்காமல் இவற்றில் கை வைக்க வேண்டாம்.

படி 6: ஆர்டர்

இயந்திரத்தின் மாடல் எண்ணை மட்டும் எழுதி விலை கேட்பது போட்டியைத் தடுப்பதாகும். "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்து, ஆம்பியர் அளவு, மின்னழுத்தம், வேண்டிய வெல்டிங் முறைகள் ஆகியவற்றை எழுதுங்கள். விற்பனையாளரையே விவரக்குறிப்பு எழுதித் தரச் சொல்வது இன்னொரு பொறி. எழுதிக் கொடுத்தவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. எத்தனை விலைப்புள்ளி வேண்டும் என்பதில் மாவட்டம், மாநிலம், மத்திய அரசு ஆகிய மூன்றின் விதிகளில் எது கடுமையோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் கூடத்தில் போய்ச் சுவரைப் பாருங்கள். 240 வோல்ட் இணைப்பு இருக்கிறதா? புகை உறிஞ்சும் குழாய் அந்த மூலை வரை எட்டுகிறதா? எலக்ட்ரீஷியன் செலவு பட்ஜெட்டில் இல்லாததால் இயந்திரம் பெட்டியிலேயே கிடப்பது அடிக்கடி நடக்கிறது. பிரிக்காத பெட்டியைப் பார்க்கும் ஆடிட்டர் 'தேவையானது' என்ற சொல்லின் மீதே சந்தேகப்படுவார்.

பிறகு தேதி. பணம் எந்த ஆண்டின் கணக்கில் விழும் என்பது செலவின் வகையைப் பொறுத்தது. பொருள் என்றால், வாங்குவதாக மாவட்டம் எழுத்துபூர்வமாகக் கட்டுப்பட்ட நாள், அதாவது பர்ச்சேஸ் ஆர்டர் போன நாள். ஊழியர் சம்பளம் என்றால் வேலை செய்த நாள். பயணம் என்றால் பயணம் செய்த நாள். ஜூலை 1-ல் தொடங்கும் மானிய ஆண்டில், ஜூலை மாத ஆசிரியர் மாநாட்டுக்கு மே மாதமே டிக்கெட் எடுத்து பழைய ஆண்டில் எழுதினால் தவறு. அது புது ஆண்டின் செலவு. மாவட்டத்தின் மானிய விண்ணப்பத்துக்கு மாநிலம் ஒப்புதல் தந்த தேதிக்கு முன்பே போன ஆர்டரும் இதே போல் நிராகரிக்கப்படும்.

ஜூன் கடைசியில் மீதிப் பணத்தைப் பார்த்து அவசரமாக ஆர்டர் போடுவதையும் தவிருங்கள். அந்த ஆண்டு மாணவர் ஒருவர்கூடத் தொடாத பொருளை அந்த ஆண்டின் செலவு என்று வாதிடுவது கடினம். பொருள் கைக்கு வந்தாக வேண்டிய கடைசி நாளைப் பல மாநிலங்கள் தனியாகவே வைத்திருக்கின்றன. கல்வியாண்டுக்குள் செலவாகாத தொகை மாநிலத்துக்கே திரும்பும். மாநிலம் அதை மறுபடி பங்கிடும். எனவே நவம்பருக்குள் பெரிய ஆர்டர்களை முடித்துவிடுவது நல்லது.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக: ஒருவரின் நேரம் பாதி பெர்கின்ஸ், பாதி வேறு என்றால் அவர் உண்மையில் செய்த வேலையின் பதிவு வேண்டும். பட்ஜெட்டில் 50 சதவீதம் என்று போட்டிருப்பது பதிவு ஆகாது.

படி 7: பதிவேடு

2024 அக்டோபர் 1 முதல் மத்திய விதியில் ஒரு பொருளைக் 'கருவி' என்று கணக்கில் எடுப்பதற்கான விலை வரம்பு 5,000 டாலரிலிருந்து 10,000 ஆனது. மாவட்டத்தின் சொந்த வரம்பு அதற்குக் கீழே இருந்தால் அதுவே செல்லும். மாவட்டம் 5,000-லேயே நிற்கிறது என்றால் நம் 6,800 டாலர் இயந்திரம் இன்னும் கருவிதான். வாங்க முன் ஒப்புதலும் வேண்டும். வரம்புக்குக் கீழே இருந்தாலும், எளிதில் காணாமல் போகக்கூடிய லேப்டாப், கேமரா போன்றவற்றுக்கும் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி என்றால் பதிவேட்டில் இவை வர வேண்டும்: விவரம், வரிசை எண், மானியத்தின் பெயரும் எண்ணும், உரிமையாளர், வாங்கிய தேதி, விலை, அதில் மத்தியப் பணத்தின் சதவீதம், இருக்கும் இடம், நிலை. இடம் என்ற கட்டத்தில் "மேல்நிலைப் பள்ளி" என்று எழுதினால் போதாது. "வெல்டிங் கூடம், 4-ஆம் பூத்" என்று எழுத வேண்டும். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரில் போய் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

இயந்திரம் பழையதாகிக் கழிக்கும் நாளில் அதன் சந்தை மதிப்பு 10,000 டாலருக்கு மேல் இல்லை என்றால் மத்திய அரசுக்கு எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் மாநிலப் படிவத்தை நிரப்பிக் கழித்த தேதியை எழுதுங்கள். கருவிக்கான ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய 3 ஆண்டு, அதைக் கழித்த தேதியிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது.