கார் கழுவும் இயந்திரத்தில் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு பெற்ற என் அனுபவம்

தானியங்கி இயந்திரத்திலிருந்து வெளிவந்த என் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி முறிந்து தொங்கியதையும், கதவில் வளைவான கீறல்கள் விழுந்திருந்ததையும் கண்டவுடன், வண்டியை வளாகத்திலேயே நிறுத்தியதுதான் நான் செய்த முதல் சரியான காரியம். வெளியேறிய பின் புகார் சொன்னால், சேதம் வழியில் நேர்ந்தது என்று மறுப்பது அவர்களுக்கு மிக எளிது.

ஊழியர், 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைச் சுட்டிக்காட்டினார். (அந்தப் பலகை மட்டும் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது.) நான் வாதாடாமல், மேலாளரை வரவழைத்துச் சம்பவத்தை எழுத்தில் பதியச் செய்தேன்; கீறல்களை அருகிலிருந்தும், வண்டி எண் தெரியும்படி தொலைவிலிருந்தும், சுழலும் தூரிகைகளையும் படமெடுத்தேன். நேரம் அச்சிட்ட ரசீதையும் பத்திரப்படுத்தினேன். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடக்கூடும் என்பதால், அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாக்குமாறு அன்றே மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டேன். விவகாரத்தைத் தீர்த்தது அந்த மின்னஞ்சல்தான் என்பது என் கணிப்பு.

கண்ணாடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது என்று முதல் பதில் வந்தது. ஆனால் கேமராப் பதிவில், கழுவுவதற்கு முன் அது உறுதியாக நிற்பது தெரிந்தது. கீறல்களின் வளைவு தூரிகையின் சுழற்சியோடு பொருந்துவதாகப் பழுதுபார்ப்பவர் எழுதித் தந்தார். அவற்றுடன் இரண்டு செலவு மதிப்பீடுகளையும் இணைத்து, பதிலளிக்க ஒரு காலக்கெடுவும் குறிப்பிட்டு அனுப்பினேன்.

காப்பீட்டை நாடவில்லை, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகையை இழக்க மனமில்லை. கண்ணாடிக்கு மட்டும் தருவதாக அவர்கள் அனுப்பிய தீர்வுக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தேன். கதவின் வண்ணப்பூச்சுச் செலவும் சேர்க்கப்பட்ட பின்னரே ஒப்பமிட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டேன்.