மருந்து தின்ன மறுக்கும் நாய்க்கு மாத்திரை கொடுக்கும் முறை

பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் (பண்ணை வீட்டில்) வளரும் நாய் மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது, கால்நடை மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள்களுக்கு எழுதிக் கொடுத்தார். முதல் நாள் பெரியதொரு ராகிக் களி உருண்டைக்குள் மாத்திரையைப் புதைத்துப் போசியில் வைத்தேன். மணியும் ஆவலுடன் தின்று முடித்தது. போசியைக் கழுவ எடுத்தபோது, துளி களிகூட ஒட்டாமல், நக்கித் துடைத்தது போல் மாத்திரை மட்டும் அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் மாத்திரை அட்டை சரசரத்ததுமே மணி கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மருந்தின் கசப்பைவிட நம்முடைய ஆயத்தங்கள்தாம் நாயை முதலில் மிரட்டுகின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டினாலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோனாலும், மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இதை உணவுடன் கொடுக்கலாமா, உடைக்கலாமா, எந்த உணவோடு சேர்க்கக் கூடாது? குடலில் போய்க் கரைவதற்காக மேற்பூச்சு இட்ட மாத்திரையைப் பொடித்தால் அந்தப் பூச்சின் பயன் போய்விடும். மெட்ரோனிடசோல் போன்ற கடுங்கசப்பு மருந்தைப் பொடித்துச் சோற்றில் கலந்தால், நாய் அதன் பிறகு சோற்றையே சந்தேகிக்கத் தொடங்கும். டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றைப் பாலிலோ தயிர்ச் சோற்றிலோ வைப்பதும் சரியல்ல. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்துடன் பிணைந்து, அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

உருண்டை பிடித்தல்

களி உருண்டை தோற்றதற்கு அதன் அளவே காரணம். பெரிய உருண்டையை நாய் கடித்துப் பிரித்துத் தின்னும்; அப்போது மாத்திரை நாக்கில் தனியே அகப்பட்டுவிடும். ஆகவே நாய் மெல்லாமல் விழுங்கக்கூடிய அளவில், சிறு நெல்லிக்காய் போலப் பிடியுங்கள். உப்பும் காரமும் இல்லாமல் அவித்த கோழி ஈரலுக்கு இணையானது எதுவுமில்லை என்பது என் முடிவு. கிடைக்காதபோது, நன்கு பழுத்த பூவன் பழம் மாத்திரையைச் சுற்றி நன்றாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மிஞ்சிய பள்ளிபாளையம் சிக்கன் மணமாக இருக்கிறதே என்று அதில் வைத்துவிடாதீர்கள். அதில் நிறையச் சேரும் சின்ன வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

மாத்திரையைத் தொட்ட விரல்களாலேயே உருண்டையின் வெளிப்புறத்தை உருட்டினால் மருந்தின் வாடை மேலே ஏறிவிடும். ஒரு கையால் மாத்திரையை உள்ளே வைத்து, மறு கையால் மூடுங்கள். அட்டையிலிருந்து மாத்திரையை எடுக்கும் வேலையையும் நாயின் காதுக்கு எட்டாத இடத்தில் முடித்துவிடுங்கள்.

கொடுக்கும் வரிசை

வேளைச் சோறு வைப்பதற்குச் சற்று முன்பு, நாய் பசியோடிருக்கும்போது, மூன்று உருண்டைகளுடன் போங்கள். முதலாவது வெறும் உருண்டை. அதை விழுங்கியதும் மருந்து வைத்த இரண்டாவதைக் கொடுத்து, அது வாய்க்குள் போகும்போதே மூன்றாவதைக் கண்ணெதிரே காட்டுங்கள். அடுத்தது கைவிட்டுப் போய்விடுமோ என்ற அவசரத்தில் நாய் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மருந்துக்காகப் பெயர் சொல்லி அழைக்காமல், அது இருக்கும் இடத்திற்கு நீங்களே போவது நல்லது.

உருண்டை பலிக்காவிட்டால்

கையால் ஊட்ட வேண்டும். உறுமும் நாயிடமும் கடிக்கப் பாயும் நாயிடமும் இதை முயலாமல், வேறு வடிவ மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழகிய நாயானால், அதன் பின்புறம் சுவரில் படும்படி உட்கார வைத்து, நீங்கள் பக்கவாட்டில் அமருங்கள். ஒரு கையால் மேல்தாடையைக் கோரைப் பற்களுக்குப் பின்னால் பிடித்து மூக்கைச் சற்றே உயர்த்தினால், கீழ்த்தாடை தானாகத் தளரும். மறு கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை மெல்ல அழுத்தி வாயைத் திறந்து, நாக்கின் நடுக்கோட்டில் முடிந்த அளவு உள்ளே மாத்திரையை வையுங்கள். ஓரத்தில் வைத்தால் துப்பிவிடும். உடனே வாயை மூடிப் பிடித்துத் தொண்டையை நீவிக் கொடுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று கொள்ளலாம். பிறகு சிறிது நீரோ ஒரு கவளம் சோறோ கட்டாயம் கொடுங்கள். டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் தங்கிவிட்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும்.

நீர் மருந்தை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் பற்களுக்கும் இடையிலான பையில் சிறிது சிறிதாக விடுங்கள். என் அப்புச்சி கன்றுக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நாயின் தலையையும் அண்ணாத்திப் பிடித்து ஒரே மூச்சில் ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கக்கூடும்.

கொடுத்த பிறகு

ஐந்து நிமிடம் நாயைக் கண்ணில் வைத்திருங்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு வேலியோரம் துப்பும் கள்ளத்தனம் மணிக்கு உண்டு. கொடுத்தவுடன் நாள்காட்டித் தாளில் குறித்துவிடுவதும் அவசியம். எங்கள் வீட்டில் ஒரு காலை நான் கொடுத்ததை அறியாமல் அம்மாவும் ஈரல் உருண்டையுடன் வந்துவிட்டார். மணி மறுப்பேதும் சொல்லாமல் வாயைத் திறந்து காத்திருந்தது. வேளை தவறிவிட்டால் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். தின்றதை வாந்தி எடுத்துவிட்டால், மறுபடி கொடுப்பதற்கு முன் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.