லட்சத்தீவில் குழந்தைகள் எத்தனை சதவீதம்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மக்கள்தொகைக் கணக்கைப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது லட்சத்தீவைத்தான். மொத்தப் பரப்பே 32 சதுர கிலோமீட்டர், ஆட்கள் நிலையாகக் குடியிருப்பது 10 தீவுகளில். எண்கள் சின்னவை என்பதால் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பெரிய மாநிலக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தவறுகளும் இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரு கால்குலேட்டரோ, எக்செல் தாளோ இருந்தால் போதும்.

படி 1: குழந்தை என்றால் எந்த வயது வரை?

இதை முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். உலக நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளில் பெரும்பாலும் 0 முதல் 14 வரை. இந்திய சென்சஸ் தனியாகப் பிரித்துக் காட்டும் குழந்தைகள் 0 முதல் 6 வயது வரை. எழுத்தறிவை 7 வயதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். அதனால் அங்கே ஒரு கோடு விழுகிறது.

நாம் 0–6 என்பதையே எடுத்துக்கொள்வோம். வயது என்பது நிறைவடைந்த வயது. ஆறு வயதும் பதினோரு மாதமும் ஆன பிள்ளைக்கும் 6 தான் எழுதுவார்கள். ஆக 0, 1, 2, 3, 4, 5, 6 என்று மொத்தம் ஏழு வயதுகள். பலர் இதை ஆறு என்று எண்ணிவிடுகிறார்கள். கீழே சராசரி எடுக்கும்போது இது தேவைப்படும்.

படி 2: இரண்டு எண்களை எடுப்பது

சென்சஸ் துறையின் இணையதளத்தில் 'பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்' என்ற அட்டவணை கிடைக்கும். அதில் 'டாட்_பி' என்ற பத்தி மொத்த மக்கள்தொகை, 'பி_06' என்பது குழந்தைகள். திறந்தவுடன் பத்தி முழுவதையும் கூட்டிவிடாதீர்கள். மாநிலம், மாவட்டம் என்று ஒவ்வொரு நிலைக்கும் மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். கூட்டினால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எண்ணியது போல் ஆகிவிடும். லட்சத்தீவு முழுவதற்கும் உள்ள மொத்தம் என்ற வரியை மட்டும் பாருங்கள்.

2011இல் லட்சத்தீவு: மொத்தம் 64,473 பேர். 0–6 வயதில் 7,255 பேர்.

படி 3: வகுத்தல்

7,255 ÷ 64,473 × 100 = 11.25

அவ்வளவுதான், 11.25 சதவீதம். ஆனால் சில இடங்களில் 11.00 என்று பார்ப்பீர்கள். அதுவும் பொய் இல்லை. 2011இல் முதலில் வெளிவந்த தற்காலிகக் கணக்கில் 64,429 பேரும் 7,088 குழந்தைகளும் இருந்தார்கள். அதை வகுத்தால் 11.00 வரும். பிறகு வந்த இறுதிக் கணக்கில்தான் 7,255. ஒன்றிலிருந்து குழந்தைகளையும் மற்றொன்றிலிருந்து மொத்தத்தையும் எடுத்துக் கலந்துவிட்டால்தான் வம்பு.

படி 4: சரியா என்று உரசிப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மொத்தத்திலிருந்து குழந்தைகளைக் கழியுங்கள்: 64,473 − 7,255 = 57,218. இவர்கள் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2011இல் லட்சத்தீவில் எழுத்தறிவு பெற்றவர்கள் 52,553 பேர். அதை 57,218ஆல் வகுத்தால் 91.85 சதவீதம். சென்சஸ் வெளியிட்ட எழுத்தறிவு விகிதமும் அதே 91.85. நாம் எடுத்த குழந்தைகள் எண்ணிக்கை சரிதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தொட்டில் குழந்தையையும் சேர்த்து 64,473ஆல் வகுத்தால் 81.51 என்று வரும். பத்துப் புள்ளி போய்விடும், பார்த்தீர்களா?

படி 5: பத்து ஆண்டு முன்னால் எப்படி இருந்தது?

2001இல் மொத்தம் 60,650 பேர், குழந்தைகள் 9,091. வகுத்தால் 14.99 சதவீதம். அதாவது 14.99இலிருந்து 11.25. இதை "3.74 சதவீதம் குறைந்தது" என்று எழுதாதீர்கள். 3.74 சதவீதப் புள்ளி குறைந்தது என்பதே சரி. பங்கு எவ்வளவு சுருங்கியது என்று கேட்டால் 3.74ஐ 14.99ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 25 சதவீதம். முன்பு இருந்த பங்கில் கால்வாசி போய்விட்டது.

ஆனால் பங்கு குறைந்தால் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்று உடனே சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் கூடினாலும் பங்கு குறையும். ஆகவே குழந்தைகள் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள். 9,091இலிருந்து 7,255, குறைந்தது 1,836 பேர், அதாவது 20 சதவீதம். அதே நேரம் மொத்த மக்கள்தொகை 6.3 சதவீதம் கூடியிருக்கிறது. மேலே உள்ள எண் இறங்கியது, கீழே உள்ள எண் ஏறியது. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கால்வாசி.

இதை ஊரில் வைத்துப் பார்ப்போம். குழந்தைகளை ஏழு வயதுக்கும் சமமாகப் பிரித்தால், 2001இல் ஒரு வயதுக்கு 1,299 பிள்ளைகள். 2011இல் 1,036. வயதுக்கு ஏறத்தாழ 262 பேர் குறைவு. பத்துத் தீவுக்கும் பங்கு போட்டால் தீவுக்கு 26 பேர். அது ஏறக்குறைய ஒரு வகுப்பறை. சதவீதத்தைப் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. வகுப்பறையாக மாற்றிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

படி 6: யாரோடு ஒப்பிடுவது?

2011இல் இந்தியா முழுவதற்கும் 13.59. கேரளம் 10.40, தமிழ்நாடு 10.29. லட்சத்தீவுக்குப் பொருத்தமான ஜோடி கேரளம்தான். மினிக்காய் தவிர மற்றத் தீவுகளில் மலையாளத்தின் ஒரு வகைதான் பேச்சுமொழி. மேற்படிப்புக்குப் பிள்ளைகள் கப்பலேறிப் போவதும் அங்கேதான்.

அந்தக் கப்பல் நம் கணக்கையும் தொடுகிறது. கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ விடுதியில் தங்கிப் படிப்பவர் பொதுவாக அங்கேதான் எண்ணப்படுவார். ஒரு பேச்சுக்கு, அப்படி வெளியே இருக்கும் 1,000 பேரைத் தீவுக்கணக்கில் திரும்பச் சேர்த்தால் பங்கு 11.25இலிருந்து 11.08 ஆகிவிடும். ஒரு குழந்தைகூடக் குறையவில்லை, ஆனால் பங்கு குறைகிறது.

படி 7: தனித்தனித் தீவுக்குப் போகும்போது

2011இல் பித்ரா தீவில் மொத்தமே 271 பேர். அங்கே 30 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம் (இது கற்பனை எண்). பங்கு 11.07. மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம், தாய் தகப்பனையும் சேர்த்து ஐந்து பேர், கவரத்திக்குக் குடிபோகிறது. இப்போது 266இல் 27 பேர், 10.15. ஒரே வீடு பூட்டியதில் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி இறங்கிவிட்டது! தமிழ்நாட்டில் பங்கு இவ்வளவு அசைய வேண்டுமென்றால் பல லட்சம் குழந்தைகள் குறைய வேண்டும்.

அதனால் இவ்வளவு சிறிய இடத்துக்குச் சதவீதத்தை மட்டும் எழுதாமல், "271இல் இத்தனை பேர்" என்று எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கமும் வேண்டாம். ஆண், பெண் என்று பிரித்தால் இன்னும் கவனம் வேண்டும். 0–6 வயதில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 959 பெண் குழந்தைகள் என்று 2001இல் இருந்தது, 2011இல் 911 ஆனது. கவலைப்பட வைக்கும் எண்தான். ஆனாலும் மொத்தமே 7,255 பேர் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு கணக்கெடுப்பை வைத்துக் காரணம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தாளில் 2001, 2011 என்ற இரண்டு பத்திகளுக்கு அடுத்து 2027 என்று ஒரு காலிப் பத்தி சேர்த்து வையுங்கள். அடுத்த சென்சஸுக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 2011இல் நாம் எண்ணிய அந்த 7,255 பிள்ளைகளுக்கு அப்போது 16 முதல் 22 வயது இருக்கும்.